படகில் ஏறும் முன்...

கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்த என் நாத்தனார் குடும்பத்தை, மறுநாள் முட்டுக்காடு படகுத் துறைக்கு அழைத்துப் போயிருந்தோம். அங்கேயும் பட்டுப்புடவைதான்! “லைஃப் ஜாக்கெட் போட்டா கசங்கிடுமே, அண்ணி” என்றாள்.

வந்த விருந்தாளியிடம் கண்டிப்புக் காட்டச் சங்கடம்தான். ஆனால் தேக்கடி ஞாபகம் வந்துவிட்டது. 2009 செப்டம்பர் 30-ல் அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணமாம்.

கரையிலேயே சொல்லிவிட்டேன். “ஜாக்கெட் போடாதவங்க ஏற வேண்டாம். கசங்கினா இஸ்திரி போட்டுக்கலாம்.” முந்தானையை இடுப்பில் செருகச் சொன்னேன். நனைந்த பட்டு காலைச் சுற்றினால், நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம். ஒவ்வொருவராக ஏறி உட்கார வேண்டும்; போட்டோவுக்காக யாரும் எழுந்து நிற்கக் கூடாது.

குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டியதும், அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய சைஸ். அவசரத்தில் எங்கள் வாண்டுக்கு நான் மாட்டியதும் அப்படித்தான் ஏறியது! மாற்றிவிட்டுத்தான் ஏறினோம்.

நாத்தனார் படகில் பேசவேயில்லை. காரில் வரும்போது அவளே, “கசங்கலை, அண்ணி” என்றாள்.