பின்னறைக்கு எட்டாத வைபை

இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில், விறாந்தையின் ஒரு மூலையிலோ தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலோ, சிறு விளக்குகள் மினுங்க ஒரு கருவி அமர்ந்திருக்கின்றது. அதனை அப்பா ‘மோடம்’ என்பார். பிள்ளைகள் ‘றவுட்டர்’ என்பர். அம்மாவோ ‘வைபைப் பெட்டி’ என்று கூறி அமைவார். மூவர் கூற்றும் ஒருவாறு சரியே. வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்பது மோடத்தின் தொழில். அதனை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பங்கிடுவது றவுட்டரின் தொழில். கம்பியின்றி வானொலி அலையாகச் சேர்ப்பிப்பது வைபை. மூன்றும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது இப்பெட்டி கல்விச் சாதனமும் ஆயிற்று. இன்றும் மாலை வகுப்புகள் பல இதன் வழியே நடைபெறுகின்றன. உயர்தர வகுப்பு மாணவி பின்னறையில் இருந்தால் ஆசிரியரின் குரல் பாதியில் அறுகின்றது; முன்னறைக்கு வந்தாலோ நாடகத் தொடரின் அழுகுரல் காதை அடைக்கின்றது. “புதிதாக ஒன்று வாங்கித் தாருங்கள்” என்னும் வேண்டுகோள் எழுவது இவ்வேளையிலேதான்.

கடைக்குப் புறப்படுமுன் ஒரு சோதனை செய்தல் நன்று. பெட்டியின் அருகே நின்று கைபேசியில் வேகத்தை அளந்து, பின்னர் பின்னறையில் அளந்து பாருங்கள். அருகிலேயே வேகம் குறைந்திருப்பின் குறை பெரும்பாலும் இணைப்பினுடையது. அதற்கு வழங்குநரிடமே முறையிடல் வேண்டும். அருகில் நன்றாயிருந்து தொலைவிற் குன்றினாற்றான் நாம் இங்கே பேசும் விஷயம் பொருந்தும்.

குன்றுவதற்குக் காரணம் சுவர். வைபை அலைகள் முக்கியமாக 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என்னும் இரு வரிசைகளிற் செல்கின்றன. முன்னையது வேகத்திற் குறைந்தது, எனினும் சுவரை ஓரளவு ஊடுருவும். பின்னையது விரைவுடையது, ஆயினும் இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் களைத்துவிடும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கற் சுவர்களும், கொழும்பு மாடி வீடுகளின் கம்பி பொதிந்த கொங்கிறீற்றுத் தட்டுகளும் இவ்வலைகளுக்குப் பெரும் பகை. இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, மீன்தொட்டி என்பனவும் அவ்வாறே. குசினியிலுள்ள மைக்றோவேவ் அடுப்போ 2.4 வரிசையிலேயே இயங்குவதால் அவ்வேளையில் இடையூறு செய்யும். நாற்சார் வீடுடையோர் ஒருவகையில் பேறு பெற்றவர்கள்: பெட்டியை முற்றத்தை நோக்கி வைத்தால், அலை சுவரைத் துளைக்காமல் வெளி வழியே எதிர்ப்புற அறைக்குச் சென்றுவிடும்.

ஆகவே முதலிற் பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த தட்டொன்றில் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு அழகில்லை என்று அலுமாரிக்குள் பூட்டி வைப்போரும் உளர். அவர்கள் முறையிடுவதற்கு உரிமை அற்றவர்கள் என்பதே நமது கருத்து.

அதன் பின்னும் குறை தீராதாயின் வாங்கத்தான் வேண்டும். பழைய தொலைபேசிக் கம்பிக்கு உரிய மோடம் கண்ணாடி இழை இணைப்புக்குப் பயன்படாது. சிம் அட்டையில் இயங்குவது வேறொரு வகை. இழை இணைப்பாயின், வழங்குநர் பொருத்திய பெட்டியை அவ்வாறே விட்டு, அதனோடு புதிய றவுட்டரை இணைத்தல் எளிது. இரு வரிசையிலும் இயங்கும் ‘வைபை 6’ தலைமுறைக் கருவி சாதாரண குடும்பத்துக்குப் போதும். 2024இல் சான்றளிப்புத் தொடங்கிய ‘வைபை 7’ஐ வாங்கினாலும், கைபேசி பழையதாயின் பெறும் நன்மை சிறிது. எட்டுக் கொம்புகள் நீட்டிய பெட்டியைக் கண்டு மயங்கவும் வேண்டா. அனுப்பும் வலுவுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு; அன்றியும் றவுட்டர் எத்துணை உரக்கக் கூவினும், கைபேசி மெல்லிய குரலிலேயே மறுமொழி கூறும். அம்மறுமொழி எட்டாவிடின் பயன் யாது?

பெரிய வீட்டுக்கு ஒரு பெரும் பெட்டியினும் இரு சிறு பெட்டிகளே மேல். ‘மெஷ்’ எனப்படும் கூட்டுப் பெட்டிகள் இவ்வகையின. மலிவான ‘றிப்பீற்றர்’ பெற்ற அலையையே திரும்ப அனுப்புவதால் வேகம் பாதியளவாகலாம். எல்லாவற்றினும் உறுதியானது கம்பியே. நல்ல வலையமைப்புக் கம்பி 100 மீற்றர் வரை தளராது செல்லும். அதனைப் பின்னறைக்கு இழுத்து, ஒதுக்கி வைத்த பழைய றவுட்டரின் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி அங்கே பொருத்தினால், செலவு கம்பியின் விலையோடு முடியும். வீட்டிலுள்ள மாணவரே ஒரு பிற்பகலிற் செய்யத்தக்க வேலை இது.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாலை இடி முழங்கும்போது மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் செப்புக் கம்பி வழியே வந்து கருவியைக் கருக்கிவிடும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளையும் நாம் மறந்திலோம். அத்தகைய வேளைக்கென றவுட்டருக்கு மட்டும் மின்னூட்டும் சிறு மின்கலப் பெட்டிகள் கடைகளில் உள. றவுட்டர்கள் பல 12 வோல்ற்றில் இயங்குவன. 9 வோல்ற்றில் இயங்குவனவும் உண்டு. பெட்டியின் அடிப்புறத்திற் பொறித்துள்ள அளவை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.