வடையின் ஓட்டையும் 22 பெண்களும்

உளுந்து வடைக்கும் ரப்பர் வளையலுக்கும் என்ன ஒற்றுமை?

சிறுவனைக் கேட்டால், "இரண்டும் வட்டம்" என்பான். கணிதப் பேராசிரியரைக் கேட்டால், "இரண்டிலும் ஓட்டை ஒன்று. ஆகவே இரண்டும் ஒன்றே!" என்பார். வளையலை இழுங்கள், நசுக்குங்கள்; அவருக்குக் கவலை இல்லை. அறுந்துவிடக் கூடாது. ஓட்டை அடைபடக் கூடாது. அவ்வளவுதான்.

ஓட்டைகளையும் இணைப்புகளையும் ஆராயும் இந்தக் கணிதத்துக்கு டோபாலஜி என்று பெயர். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும், ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து சுற்றிவர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று ஆய்லர் என்ற மேதை 1736-ல் எழுதினார். 1895-ல் பிரான்ஸ் நாட்டுப் பாயின்கரே, இதில் இயற்கணிதத்தைப் புகுத்தினார். ஓட்டைகளைக் கண்ணால் பார்க்காமல், கணக்குப் போட்டே எண்ணலாம் என்று ஆயிற்று.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது. 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் படித்த பிறகு, அப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

295 கட்டிகள்

நெதர்லாந்து புற்றுநோய் நிலையத்தில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் 295 பேர். ஒவ்வொருவரின் கட்டியிலும் சுமார் 25,000 மரபணுக்களின் செயலை அளந்து வைத்திருந்தார்கள். எத்தனை எண்கள்! எந்த டாக்டரால் இவற்றை உட்கார்ந்து படிக்க முடியும்?

அமெரிக்காவில் மோனிகா நிகோலாவ், ஆர்னால்டு லெவின், குன்னர் கார்ல்சன் என்ற மூவர் இந்த எண்களைக் கையில் எடுத்தனர். அவர்களுடைய வழி இதுதான்:

ஆரோக்கியமான திசுவிலிருந்து ஒவ்வொரு கட்டியும் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். அந்தத் தூரப்படி கட்டிகளை வரிசைப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே சாயல் கொண்ட கட்டிகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார்கள். ஒரே கட்டி இரண்டு முடிச்சுகளில் இருந்தால், அவ்விரண்டையும் கோட்டால் இணைத்தார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு படம் விரிந்தது. கிளை பிரிந்த மரம் போல இருந்தது. ஒரு கிளையின் நுனியில் தனியே ஒரு கூட்டம். எண்ணினால் 22 கட்டிகள்!

அந்த 22 பெண்களும் என்ன ஆனார்கள்? ஏட்டைப் புரட்டினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை! ஒருவருக்கும் நோய் வேறு உறுப்புக்குப் பரவவில்லை! யார் பிழைத்தார் என்று கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பழைய முறைகளில் இந்த 22 பேரும் பல குழுக்களில் சிதறிக் கிடந்தார்கள். நூற்றுக்கு ஏழரைப் பேர்தானே! சராசரி போட்டால் காணாமல் போய்விடுவார்கள்.

புற்றுநோய் மருந்து எத்தனை கடுமையானது என்பது வீட்டில் ஒருவருக்கு வந்தால்தான் தெரியும். முடி கொட்டும். சோறு இறங்காது. "உனக்கு இவ்வளவு மருந்து வேண்டாம் அம்மா" என்று ஒரு பெண்ணிடம் உறுதியோடு சொல்ல முடிந்தால், அது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் அவசரம் கூடாது. அந்த 22 பேரும் சிகிச்சை பெற்றவர்களே. சிகிச்சை இல்லாமலும் பிழைத்திருப்பார்களா என்பதை இந்தப் படம் சொல்லவில்லை. எண்ணிக்கையும் சிறிது.

இன்னொன்றும் உண்டு. துண்டுகளின் அகலத்தை மாற்றினால் படமும் மாறும். ரேடியோக் குமிழைத் திருப்புவது போலத்தான். எப்படித் திருப்பினாலும் மறையாமல் நிற்கும் கிளையை மட்டுமே நம்ப வேண்டும். கண்டதும் மறைவது வெறும் இரைச்சல். வண்ணப் படத்தைக் காட்டி, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று யாராவது வந்தால், "குமிழைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கான பெண்களிடம், பல நாடுகளில் சோதித்துப் பார்க்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது.