'லிவிங் வில்': வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாமா? உச்ச நீதிமன்றம் சொல்வது என்ன?

ஐசியுவில் இருப்பவருக்கு இனி நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அடுத்து என்ன செய்வது? மகன் ஒன்று சொல்வார், மகள் ஒன்று சொல்வார், ஊரிலிருந்து வந்த சித்தப்பா வேறொன்று சொல்வார். படுத்திருப்பவர் என்ன விரும்பினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் 'லிவிங் வில்' வருகிறது. குணமாக வழியே இல்லாத நிலையில் தனக்கு எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் சுயநினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கும் ஆவணம் இது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு அனுமதி கொடுத்தது. 2023-ல் நடைமுறையை எளிமையாக்கியது. இருந்தும், இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இது கருணைக்கொலையா? யார் எழுதலாம்? எங்கே கொடுக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், எது சட்டப்படி சரி? எது குற்றம்?

ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ ஒருவரின் உயிரைப் போக்குவது நேரடி கருணைக்கொலை. நோயாளியே கேட்டாலும் இந்தியாவில் இது குற்றம்தான். உச்ச நீதிமன்றம் இதை ஒருபோதும் அனுமதிக்கவில்லை.

குணமாக வாய்ப்பே இல்லாத நோயாளிக்கு, செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பது அல்லது நிறுத்திக்கொள்வது இரண்டாவது வகை. 'மறைமுக கருணைக்கொலை' என்று செய்திகளில் வருவது இதுதான். இதில் மரணத்துக்குக் காரணம் நோய். மருத்துவம் அதன் குறுக்கே நிற்காமல் விலகிக்கொள்கிறது, அவ்வளவுதான். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சையும் பராமரிப்பும் கடைசி வரை தொடரும். 'சிகிச்சையை நிறுத்துவது' என்றால் நோயாளியை அப்படியே கைவிட்டுவிடுவது என்று அர்த்தம் இல்லை.

இந்த விவாதம் எப்படி ஆரம்பித்தது?

அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. அப்படியானால் சாகும் உரிமையும் அதற்குள் வருமா?

1994-ல் பி.ரத்தினம் வழக்கில், இரண்டு நீதிபதிகள் அமர்வு 'வரும்' என்றது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1996-ல் கியான் கவுர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, 'உயிர் வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது' என்றது.

அதே 1996 தீர்ப்பு இன்னொரு விஷயத்தையும் சொன்னது. கண்ணியமாக வாழும் உரிமை இயற்கையான மரணம் வரை நீளும், வாழ்க்கை முடியும் கட்டத்தில் கண்ணியமாக இறப்பதும் அதில் அடங்கும் என்றது. பின்னாளில் வந்த தீர்ப்புகளுக்கு இந்த வரிதான் அடித்தளம்.

அருணா வழக்கு எழுப்பிய கேள்வி

மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர் அருணா ஷான்பாக். 1973 நவம்பர் 27-ம் தேதி, அதே மருத்துவமனை ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டது. அதன் பிறகு அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, அருணாவுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி அமைதியாக இறக்க அனுமதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். கேஇஎம் ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அருணாவைக் கவனித்துவந்த செவிலியர்கள், 'அவர் எங்களில் ஒருவர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற நிலையில் உறுதியாக நின்றார்கள்.

2011 மார்ச் 7-ம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு தீர்ப்பளித்தது. அருணாவுக்காக முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் மருத்துவமனை ஊழியர்களே, பிங்கி விரானி அல்ல என்று சொல்லி மனு தள்ளுபடி செய்யப்பட்டது. அதே தீர்ப்பில், தகுந்த வழக்குகளில் உயர் நீதிமன்ற அனுமதியுடன் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று முதன்முறையாக வழி திறக்கப்பட்டது.

அருணா 2015 மே 18-ல் நிமோனியாவால் இறந்தார். கிட்டத்தட்ட 42 ஆண்டுகள் படுக்கையில். இரண்டு தரப்புமே அவர் மேல் இருந்த அக்கறையில்தான் பேசியது. ஆனால் அருணா என்ன நினைத்தார்? அதைக் கேட்க வழியே இல்லை. இந்த இடைவெளியைத்தான் லிவிங் வில் நிரப்பப் பார்க்கிறது.

2018 தீர்ப்பு: உரிமை கிடைத்தது, நடைமுறை சிக்கியது

'காமன் காஸ்' என்ற தொண்டு நிறுவனம் 2005-லேயே லிவிங் வில்லுக்கு அனுமதி கேட்டு வழக்குப் போட்டிருந்தது. அருணா தீர்ப்பில் கியான் கவுர் வழக்கைப் புரிந்துகொண்ட விதத்தில் குழப்பம் இருப்பதாகச் சொல்லி, 2014 பிப்ரவரியில் அப்போதைய தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு இந்த வழக்கை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

2018 மார்ச் 9-ம் தேதி தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். கண்ணியமாக இறப்பது அடிப்படை உரிமை, லிவிங் வில் செல்லும் என்பதுதான் அதன் சாரம். நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டு வரும் வரை நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளே நடைமுறையில் இருக்கும் என்றும் கூறினார்கள்.

பிரச்சினை அந்த நெறிமுறைகளில்தான் இருந்தது. ஆவணத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடணும். மருத்துவமனை குழுவில் 20 ஆண்டு அனுபவம் உள்ள நிபுணர்கள் வேணும். அடுத்து கலெக்டர் அமைக்கும் இன்னொரு குழு. அதற்கும் பிறகு மாஜிஸ்திரேட்டே மருத்துவமனைக்கு வந்து நோயாளியைப் பார்க்கணும். ஐசியுவில் மணிக்கணக்கில் மாறும் நிலைமைக்கு இந்த நடை ஒத்துவருமா? நடைமுறையில் இது வேலைக்கு ஆகாது என்று தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே நீதிமன்றத்தை அணுகியது.

2023-ல் என்ன மாறியது?

2023 ஜனவரி 24-ம் தேதி நீதிபதி கே.எம்.ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு நெறிமுறைகளை மாற்றியது. முக்கிய மாற்றங்கள் இவை:

▪ மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும்.

▪ தன் சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களை நியமிக்கலாம்.

▪ முதல் மருத்துவக் குழுவில் சிகிச்சை அளிக்கும் டாக்டரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவம் உள்ள இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள்.

▪ இரண்டாவது குழுவையும் மருத்துவமனையே அமைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இதில் இருப்பார்கள்.

▪ ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும்.

▪ மாஜிஸ்திரேட் நேரில் வரத் தேவையில்லை. சிகிச்சையை நிறுத்தும் முன் அவருக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

மருத்துவக் குழு மறுத்தால்? குடும்பத்தினர் உயர் நீதிமன்றம் போகலாம்.

யார் எழுதலாம்? என்ன எழுதணும்?

18 வயது நிறைந்த, மனநலத்துடன் உள்ள யாரும் எழுதலாம். யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது. எந்த நிலை வந்தால் எந்த சிகிச்சை வேண்டாம் என்று தெளிவாக இருக்கணும். குழப்பமாக எழுதினால் மருத்துவக் குழு அதை ஏற்காது. தன்னால் பேச முடியாத நிலையில் தன் சார்பில் யார் சம்மதம் தர வேண்டும் என்பதையும் குறிப்பிடணும். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்துப்பூர்வமாக ரத்து செய்யலாம், மாற்றலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாக எழுதியதே செல்லும்.

சாதாரண காய்ச்சலுக்கோ, குணமாகக்கூடிய விபத்துக் காயத்துக்கோ இது பொருந்தாது. குணமாக வழியில்லை, அவரால் சொந்தமாக முடிவெடுக்கவும் முடியவில்லை என்ற நிலை வந்தால்தான் இந்த ஆவணமே உயிர் பெறும். சொத்து பற்றிய உயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது இறந்த பிறகு, இது இறப்பதற்கு முன்.

லிவிங் வில் எழுதாதவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அப்போது நெருங்கிய உறவினர்களின் சம்மதத்துடன் இதே இரண்டு குழு நடைமுறை பின்பற்றப்படும். ஆனால் முடிவின் பாரம் முழுவதும் குடும்பத்தின் தலையில்.

'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க'

அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 'இனி எங்க கையில இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க' என்ற வார்த்தையைக் கேட்காத குடும்பம் குறைவு. மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்வதாக ஒரு கையெழுத்து, ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனுடன் ஒரு பயணம். வலிக்கு மருந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர் என எந்த ஏற்பாடும் இல்லாமலே பல மரணங்கள் இப்படி நடக்கின்றன.

இன்னொரு பக்கம், 'பணத்துக்காக மெஷினை எடுத்துட்டாங்க' என்ற பேச்சுக்குப் பயந்து, கடன் வாங்கியாவது ஐசியு பில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். நோயாளியே கைப்பட எழுதிய ஒரு காகிதம் இருந்தால், இந்தக் குற்ற உணர்விலிருந்து பிள்ளைகளுக்கு விடுதலை கிடைக்கும்.

தவறாகப் பயன்படுத்தப்படாதா?

தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில் முதியவர்கள் கொல்லப்பட்டதைப் பற்றிப் பல செய்திகள் வந்திருக்கின்றன. 'பாரம்' என்ற தமிழ்ப் படமும் இதைப் பேசியது. அது கருணை அல்ல, கொலை. அங்கே முதியவரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. பாரமாக இருக்கிறார் என்று குடும்பமே முடிவு செய்துவிடுகிறது.

லிவிங் வில்லில் முடிவு சம்பந்தப்பட்டவருடையது. அதனால்தான் இரண்டு குழு, சாட்சிகள், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் என்று இத்தனை பூட்டுகள். இருந்தாலும், 'நான் இருந்தா பிள்ளைகளுக்குச் செலவு' என்ற எண்ணத்தில் ஒரு தாய் கையெழுத்துப் போட்டால், அது சுயவிருப்பமா? இந்தக் கேள்விக்கு எந்த நோட்டரியாலும் பதில் சொல்ல முடியாது. மலிவான சிகிச்சையும், எளிதில் கிடைக்கும் வலி தணிப்பு மருத்துவமும் இருந்தால்தான் அந்தக் கையெழுத்து உண்மையிலேயே சுதந்திரமானது.

இப்போது எங்கே சிக்கல்?

எழுதிய ஆவணம் சரியான நேரத்தில் டாக்டர் கைக்குப் போய்ச் சேருவதில்தான். 2023 உத்தரவுப்படி, ஒரு பிரதியை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் உள்ள உரிய அதிகாரியிடம் கொடுக்கணும். அதைப் பாதுகாக்க அங்கே ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட வேண்டும். டிஜிட்டல் மருத்துவ ஆவணத்திலும் இதைச் சேர்க்கலாம். மகாராஷ்டிரா உள்ளாட்சி அமைப்புகளில் இதற்கான பொறுப்பாளர்களை நியமித்தது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நெறிமுறைகளை அமல்படுத்த உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் நாடு முழுவதுக்கும் தந்த உரிமை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு வேகத்தில்தான் மக்களிடம் போய்ச் சேர்கிறது.

சின்ன ஊர் மருத்துவமனைகளுக்கு வேறொரு கஷ்டம். 5 ஆண்டு அனுபவம் உள்ள நிபுணர்கள் இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக வேண்டும். ஐசியு டாக்டர் ஒருவரே இருக்கும் இடத்தில் இது சுலபம் இல்லை.

எனவே எழுதுபவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: நீங்கள் நியமித்தவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை கேளுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பீரோவில் பூட்டி வைத்த லிவிங் வில், ஐசியு வாசலில் யாருக்கும் உதவாது.