கூனுக்கு வயது மட்டுமா காரணம்?

"வயது போனால் கூன் விழத்தானே செய்யும்" என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பல வேளைகளில் அதன் பின்னால் இருப்பது முறிந்த எலும்பு. ஒஸ்ரியோபொரோசிஸ் என்னும் எலும்பு நலிவு இருந்தால், குனிந்து ஒரு வாளியைத் தூக்கும்போதுகூட முள்ளந்தண்டு எலும்பு நசியலாம். இரண்டு மூன்று எலும்புகள் நசிந்தால் முதுகு வளைந்துவிடும். இம்முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. ஒன்று முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்றும் முறிகிறது.

"ஒப்பரேசன் செய்து நிமிர்த்தலாமே?" என்று கேட்பீர்கள். எலும்பை வெட்டி, திருகாணியும் உலோகத் தண்டும் பூட்டி நிமிர்த்தலாம்தான். ஆனால் பலமற்ற எலும்பில் திருகாணி இளகிவிடும். அடுத்த எலும்பும் முறியலாம். முதியவர்களுக்கு அது பாரிய சத்திரசிகிச்சை. நரம்பு நசிபட்டாலோ, நிமிர்ந்து நடக்கவே முடியாவிட்டாலோதான் அதை யோசிக்க வேண்டும்.

ஆகவே முந்திக்கொள்வதே புத்தி. அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைத்தியரிடம் போகும் பிள்ளைகள் "முதுகு நோ" என்பதோடு நிறுத்தக்கூடாது. நோ திடீரென வந்ததா, உயரம் 4 சென்ரிமீற்றர் அளவில் குறைந்துள்ளதா என்பதையும் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். அடுத்த முறிவைத் தடுக்க நல்ல மருந்துகள் உண்டு. கூனை வயதின் கணக்கில் எழுதிவிட்டால் அவை அம்மாவுக்குக் கிடைக்காமலே போய்விடும்.