உட்கார்ந்து பேச ஓர் இடம் எங்கே?

வேலை முடிந்தது. பொழுது சாய்ந்தது. நாலு நண்பர்கள் கூடிப் பேச வேண்டும். எங்கே போவது?

லண்டன்காரருக்கு இந்தக் கவலை இல்லை. தெருமுனையில் 'பப்' இருக்கிறது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே அது. பொது வீடு என்று பொருள். ஒரு கிளாஸ் பீரை முன்னால் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசலாம்.

தேனியிலும் கம்பத்திலும் அப்படி ஓர் இடம் உண்டா?

கடை உண்டு, இடம் இல்லை!

மதுவைப் பற்றிய சர்க்காரின் கொள்கை பல முறை மாறியது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் விலகியது. 1974-ல் திரும்பியது. 1981-ல் மறுபடியும் கடைகள் திறந்தன. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம்.

இத்தனை ஆண்டுகளாக நடக்கும் விவாதம் ஒன்றே ஒன்றுதான். கடையைத் திறப்பதா, மூடுவதா? ஜனங்கள் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

டாஸ்மாக் கடை வெறும் விற்பனை ஜன்னல். பக்கத்து 'பார்' டெண்டர் எடுத்தவருடையது. அங்கே வேகமாகக் குடிப்பதுதான் நடக்கிறது. நிதானமான பேச்சுக்கு இடம் ஏது? வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கோ, மது என்றாலே வயிற்றில் புளி கரைக்கிறது.

மலைக்கு அப்பால்

கம்பத்திலிருந்து லோயர்கேம்ப் வழியாக மலை ஏறினால் குமுளி. கேரளம் தொடங்கிவிடுகிறது. அங்கே கள்ளுக்கு அனுமதி உண்டு. மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் கள்ளுக்கடையின் பெருமை. சாப்பாட்டுக்காகவே போகிறவர்களும் உண்டு. உணவு இருந்தால் குடி மெதுவாகும், பேச்சு நீளும். இதுதான் வித்தியாசம்!

நம் ஊர் 'பப்'

ஆனால் பள்ளத்தாக்கு மக்கள் பேசாமலா இருக்கிறார்கள்? இல்லை! அவர்களுக்கு டீக்கடை இருக்கிறது.

விடியுமுன்பே ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் புறப்படும் கூலிகள் அங்கே நிற்கிறார்கள். ஏலக்காய் விலை, முல்லைப் பெரியாறு நீர்மட்டம், திராட்சை விளைச்சல், தேர்தல் எல்லாம் அங்கே அலசப்படுகின்றன. 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று பலகை மாட்டுகிறார்களே, ஏன்? பேசுவதால்தான்!

வீடும் அல்லாமல் வேலையிடமும் அல்லாமல் மூன்றாவதாக ஓர் இடம் மனிதனுக்கு வேண்டும் என்று 1989-ல் எழுதினார், அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க். அதற்கு வெகு காலம் முன்பே தமிழன் பெஞ்சு போட்டுவிட்டான்.

பெஞ்சில் யாருக்கு இடம்?

டீக்கடைக்கும் குறை உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரட்டைக் குவளை முறை இருந்ததை நாடறியும். ஒரு சாராருக்குத் தனிக் குவளை, தரையில் இடம்! அப்படிப்பட்ட கடையைப் பொது இடம் என்று எப்படிச் சொல்வது? பெண்களோ இன்றும் பெரும்பாலும் அந்தப் பெஞ்சில் அமர்வதில்லை. களை எடுத்துத் திரும்பும் பெண்ணுக்கும் பேச ஆசை இருக்காதா?

இப்போது பெஞ்சுக்கே ஆபத்து. புதிய கடைகள் பலவற்றில் நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டியிருக்கிறது.

நல்ல இடத்துக்கு மதுவும் தேவையில்லை, மாளிகையும் தேவையில்லை. குறைந்த விலை, உட்கார இருக்கை, விரட்டாத முதலாளி, எவரும் சமமாக அமரும் உரிமை. இந்த நான்கும் போதும். பேருந்து நிலையம், சந்தைத் திடல், ஊர் மரத்தடி ஆகிய இடங்களில் நகராட்சிகள் இதைச் செய்யலாம்.

கடையைத் திறப்பதா மூடுவதா என்ற சண்டை நடக்கட்டும். அதற்கு முன் ஒரு பெஞ்சு போடுங்கள்!