மண்ணைச் சுத்தம் செய்யும் செடிகள்!



தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில், கிணற்று நீரையும் போர் தண்ணீரையும் குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பல் துலக்காததால் அல்ல! பூமிக்கு அடியில் உள்ள பாறைகளில் இருந்து ஃபுளோரைடு கரைந்து தண்ணீரில் கலந்ததுதான் காரணம். இதற்காகவே ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கப்பட்டது.

மண்ணில் இருப்பது தண்ணீருக்கு வரும். தண்ணீரில் இருப்பது நம் உடம்புக்கு வரும். புரிகிறதா?

தர்மபுரியில் நடந்தது பாறையின் வேலை. ராணிப்பேட்டையில் நடந்ததோ மனிதனின் வேலை! அங்கே 1990களில் மூடப்பட்ட ஒரு ரசாயனத் தொழிற்சாலை, ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை மலைபோல் விட்டுச் சென்றது. மழை நீரில் கரைந்த குரோமியம் நிலத்திலும் நிலத்தடி நீரிலும் இறங்கியது.

குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்பார்கள். வாழை இலை மக்கும். இவை மக்கவே மக்காது. அப்படியானால் என்ன செய்வது?

இங்கேதான் செடிகள் உதவிக்கு வருகின்றன! நாம் தாளிக்கும் கடுகு இருக்கிறதே, அந்தச் செடி ஈயத்தையும் காட்மியத்தையும் வேரால் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும். ஒரு வகைப் பெரணிச் செடி ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சுவதை 2001ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1986ல் அணு உலை வெடித்த செர்னோபில் அருகே, குளத்து நீரைச் சுத்தம் செய்யச் சூரியகாந்தியை மிதக்கவிட்டு வளர்த்துப் பார்த்தார்கள்.

ஆனால், இது மந்திரம் அல்ல. வேர் போகும் ஆழம் வரைதான் செடியால் சுத்தம் செய்ய முடியும். அதற்கும் பல ஆண்டுகள் ஆகும். நஞ்சு அளவுக்கு மீறினால் செடியே கருகிவிடும். அறுத்த செடியை ஆடு, மாடு தின்னாமல் பத்திரமாக அகற்றவும் வேண்டும். ஏனென்றால், நஞ்சு அழியவில்லை. மண்ணில் இருந்து செடிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்!

ஒரு நாளில் கெடுத்த மண்ணைத் திருத்த ஒரு தலைமுறை ஆகலாம். எனவே, கெடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த டியூப் லைட், பழைய செல்போன் இவற்றை வயலோரத்திலோ, குளக்கரையிலோ வீசாதீர்கள், எரிக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, தனியே சேர்த்து வைத்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கச் செய்யுங்கள்.

செய்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்