தைராய்டு ஆபரேஷனுக்குப் பின் எழும் புயல்

ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கைக்கு முன்கழுத்துக் கழலை. தைராய்டு மிகையாகச் சுரக்கிறது. பெருநாள் கழிந்ததும் அறுவைச் சிகிச்சை. “இதற்கு மறுநாளே ‘தைராய்டு புயல்’ வந்து இறப்போரும் உண்டு என்கிறார்களே, கத்தி பட்டதால் வருகிறதா? நோன்பு நாட்களில் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமா?” என்று வினவுகிறார்.

இரண்டு வினாக்களுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

2018 நவம்பரில் கஜாவைக் கண்ட கடற்கரை மக்களுக்குப் புயல் என்னும் பெயரை விளக்க வேண்டியதில்லை. கடுங்காய்ச்சல், நிமிடத்திற்கு 140ஐத் தாண்டும் நாடி, வியர்வை, வாந்தி, பேதி, பிதற்றல் ஆகியன ஒருசேரச் சூழும். அறுவைக்குப் பின் வருமாயின், பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் வரும். இன்றைய சிகிச்சையிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவரைக் காப்பாற்ற இயலுவதில்லை.

காரணம் கத்தியன்று, சுரப்பை அடக்காமல் கத்தி வைப்பதே. தைராய்டு சுரப்பி நெல் குதிரைப் போன்றது. பல வாரங்களுக்கு வேண்டிய ஹார்மோனைச் செய்து சேர்த்து வைத்திருக்கும். கார்பிமசோல் மாத்திரை புதிதாகச் செய்வதைத் தடுக்குமேயன்றிச் சேர்ந்திருப்பதை அகற்றாது. ஆகவேதான் குதிர் வற்றும்வரை வாரக்கணக்கில் உண்ண வேண்டியிருக்கிறது. இடையில் நிறுத்தினால் மீண்டும் நிரம்பும். நிரம்பிய சுரப்பியை அசைத்து அறுக்கும்போது அந்த ஹார்மோன் இரத்தத்தில் கலக்கக்கூடும். சுரப்பியையே எடுத்த பின்னும் புயல் எப்படி என்றால், இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள தைராக்ஸின் பாதியாகக் குறையவே சில நாட்களாகும். அந்நிலையில் வலியோ நோய்த்தொற்றோ சேர்ந்தால் இதயம் தாங்குவதில்லை.

முற்காலத்தில் இவ்வறுவைக்கே மருத்துவர்கள் அஞ்சினர். 1923இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்றி பிளம்மர், அறுவைக்கு முன் சில நாட்கள் அயோடின் கரைசல் கொடுக்கும் முறையைப் புகுத்தினார்; மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1943இல் ஆஸ்ட்வுட் சுரப்பைத் தடுக்கும் மருந்தைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். இன்று இந்தப் புயல் அரிது.

அரிதென்றாலும், பெண் பார்க்க வருவோர் அறியக் கூடாதென்று கழலையை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மயக்க மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள்! குடல்வால் அறுவையிலும் பிரசவத்திலும்கூட அடக்கப்படாத தைராய்டு புயலாக எழலாம்.

நோன்பைப் பற்றி: நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளத் திருக்குர்ஆனே (2:185) சலுகை தந்துள்ளது. சிலருக்குக் கார்பிமசோலை ஸஹரில் ஒரே வேளையாக மருத்துவர் மாற்றித் தரக்கூடும். படபடப்புக்கான புரோப்ரனலாலோ பலருக்கு நாளில் இருமுறை, மும்முறை தேவைப்படும். தங்கை தாமாக ஒரு வேளையையும் விட வேண்டாம். கார்பிமசோல் உண்ணும் காலத்தில் தொண்டை வலியுடன் காய்ச்சல் கண்டால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனை சென்று இரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். வீடு திரும்பிய பின் காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்து வந்தால், நள்ளிரவாயினும் அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ புறப்பட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது இரத்தத்திலுள்ள ஹார்மோனின் வேகத்தை இன்னும் கூட்டும்.